வேகத்தைத் தந்தது தோட்டா: தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளும் நம் நேட்டாலும்

டர்பனை அடுத்த பீனிக்ஸில் இருந்து இயந்திரப் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஜோஹானஸ்பர்க் ராணுவ அருங்காட்சியகத்தில் மாக்சிம் துப்பாக்கியைப் பார்த்தாராம். துப்பாக்கி தோன்றி ஐந்நூறு ஆண்டுகள் ஆன பிறகுதான் தானாகச் சுடும் துப்பாக்கி வந்தது ஏன் என்பது அவர் கேள்வி. அந்தத் துப்பாக்கியை வைத்துத்தான் வெள்ளையர் ஜூலு நாட்டைப் பிடித்தார்கள் என்று தாய்மாமன் சொல்வது சரியா என்றும், இந்தக் கதையில் நம்மவர்களுக்கு இடம் உண்டா என்றும் கேட்கிறார்.

மாமா சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். ஜூலு அரசு உலுண்டியில் வீழ்ந்தது 1879 ஜூலை 4 அன்று. ஹைரம் மாக்சிம் லண்டனில் தம் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டியது 1884இல். ஆகவே மாக்சிமுக்கும் ஜூலு அரசின் வீழ்ச்சிக்கும் தொடர்பில்லை. மாமாவை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆப்பிரிக்காவை ஓர் இயந்திரம் வென்றது என்ற கதையைப் பலரும் நம்புகிறார்கள். என்னுடைய கருத்து வேறு. இந்த வரலாற்றை நகர்த்தியது இயந்திரம் அல்ல, அதற்குள் போகும் தோட்டா. தோட்டா மாறிய போதெல்லாம் துப்பாக்கி மாறியது. தோட்டா சரியில்லாத இடத்தில் மிகத் திறமையான இயந்திரமும் சிக்கிக்கொண்டு நின்றது.

அடுத்தடுத்துச் சுட வேண்டும் என்ற ஆசை பழையது. லண்டனில் ஜேம்ஸ் பக்கிள் என்ற வழக்கறிஞர் 1718இலேயே முக்காலியின் மேல் நிற்கும் ஒரு துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே குழல், அதன் பின்னால் சுழலும் உருளை, உருளையில் பல அறைகள். 1722இல் கொட்டும் மழையில் 7 நிமிடங்களில் 63 முறை சுட்டுக் காட்டினார்கள். தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே பெரிது என்றிருந்த காலம் அது. ஆனாலும் யாரும் வாங்கவில்லை. ஒவ்வோர் அறையிலும் தூளாகிய வெடிமருந்தைக் கையால் கொட்டி, குண்டை வைத்து அடைக்க வேண்டும். பற்றவைப்பது சிக்கிமுக்கிக் கல். உருளை தீர்ந்ததும் வேகமும் தீர்ந்துவிடும். இயந்திர யோசனை சரியாகவே இருந்தது, அதற்கேற்ற தோட்டாதான் இல்லை.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் நடந்த உண்மையான வேலை வேதியியல் கூடங்களிலும் உலோகப் பட்டறைகளிலும் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தட்டினால் பற்றிக்கொள்ளும் ரசாயனம் நிரப்பிய சின்னஞ்சிறு செம்புக் கேப்பு வந்தது. மழையில் நனைந்து அணையும் பொறியின் தொல்லை தீர்ந்தது. அதற்கடுத்து குண்டு, மருந்து, கேப்பு மூன்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடைத்தார்கள். பொறியியல் மாணவர் என்பதால் தம்பி இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மருந்து எரியும் நொடியில் பித்தளைக் கூடு விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துவிடுகிறது. அழுத்தம் இறங்கியதும் கூடு சுருங்கி விடுபடுகிறது. அதன் விளிம்பைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாம். அந்தப் பின்பக்கக் கசிவை அடைக்கத்தான் துப்பாக்கிக்காரர்கள் பல தலைமுறைகள் போராடினார்கள். கூடு அதைத் தானே செய்துவிட்டது. ஒரே அளவில், ஒரே எடையில் ஆயிரக்கணக்கில் செய்தெடுத்த பொருள் கையில் கிடைத்த பிறகுதான், அதை இயந்திரத்தின் கையில் கொடுக்க முடிந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 நவம்பரில், ரிச்சர்ட் கேட்லிங் தம் பெயரையே தாங்கிய துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். விதை விதைக்கும் இயந்திரங்கள் செய்தவர், மருத்துவப் பட்டமும் உண்டு. ஒரு கைப்பிடியைச் சுற்றினால் பல குழல்கள் வட்டமாகச் சுழலும். ஒவ்வொரு குழலும் தன் முறை வரும்போது தோட்டா வாங்கும், சுடும், வெற்றுக் கூட்டைக் கீழே தள்ளும். குழல்கள் பல என்பதால் சூடு பகிர்ந்துகொள்ளப்படுகிறது. நூறு பேரின் வேலையை ஒருவன் செய்தால் பெரிய படைகள் தேவைப்படாது, முகாம்களில் நோயால் சாகிறவர்கள் குறைவார்கள் என்று தாம் எண்ணியதாகக் கேட்லிங் பின்னாளில் எழுதினார். அவர் மனதார நம்பியிருக்கலாம். படைகள் மட்டும் சிறியதாகவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1870இல் பிரஷ்யாவுக்கு எதிராக மித்ரையூஸ் என்ற பல குழல் துப்பாக்கியைக் கொண்டுபோய், பீரங்கியைப் போலத் தொலைவில் நிறுத்திப் பலனில்லாமல் செய்தார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1879 ஜனவரி 22 அன்று இசாண்ட்ல்வானாவில் ஆங்கிலேயப் படை முகாம் அழிந்தது. அங்கே கேட்லிங் இல்லை. அதே நாளில் கடற்கரைப் பக்கமாக நியெசானேயில் நடந்த சண்டையில் கடற்படையினர் கொண்டுவந்த ஒரு கேட்லிங் சுட்டது. பிறகு ஏப்ரலில் கிங்கிண்ட்லோவு, ஜூலையில் உலுண்டி. உலுண்டியில் ஆங்கிலேயத் தரப்பில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெற்றுச் சதுரமாக அணிவகுத்து நின்றார்கள். முன்வரிசையில் இரண்டு கேட்லிங்குகள். இரண்டும் சண்டையின் நடுவில் பலமுறை சிக்கிக்கொண்டன. ஒரு மணி நேரத்துக்குள் போர் முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலு வீரர்களைக் கொன்றதில் பெரும் பங்கு பீரங்கிகளுக்கும், ஒவ்வொரு தோட்டாவாக நிரப்பிச் சுடும் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கும்தான். வரிசையாக நின்று, கட்டளைக்குச் சேர்ந்து சுட்ட காலாட்படையே அன்று இயந்திரத் துப்பாக்கியாக இருந்தது.

மார்ட்டினி-ஹென்றியின் தோட்டாவை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தால் பாதிக் கதை விளங்கிவிடும். பித்தளைக் குழாயாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இருப்பது காகிதம் போன்ற மெல்லிய பித்தளைத் தகடு, சுருட்டி ஒட்டியது. ஓரத்தை நகத்தால் நெருடினால் தகட்டின் விளிம்பு தட்டுப்படும். அடியில் தனியாக ஓர் இரும்பு வட்டு. முன்னால் கட்டைவிரல் நுனி போன்ற கனத்த ஈயக் குண்டு. சிறிது நசுங்கினாலும் அறைக்குள் ஏறாது. துப்பாக்கி சூடாகிக் கரி படிந்தால் தகடு அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் அடிவட்டு மட்டும் கழன்று வரும், கூடு உள்ளேயே நிற்கும். தனி ஆள் கத்தி முனையால் அதைக் கெல்லி எடுக்கலாம். கைப்பிடி சுற்றும் இயந்திரம் என்ன செய்யும்? 1885இல் சூடானின் அபு கிளேயாவில், கார்ட்னர் என்ற மற்றொரு கைப்பிடித் துப்பாக்கி சண்டையின் உச்சத்தில் சிக்கி நின்றது. அதை இயக்கிய கடற்படையினர் பலர் அதன் பக்கத்திலேயே வெட்டுப்பட்டுச் செத்தார்கள். சூடானில் மார்ட்டினிகளும் சிக்கியதாக இங்கிலாந்தில் பெரும் கூச்சல் எழுந்தது. ஒரே பித்தளைத் துண்டிலிருந்து இழுத்து உருவாக்கிய உறுதியான கூடு அதன் பிறகுதான் ஆங்கிலேயப் படையில் நிலைபெற்றது.

இன்னொரு தடை கருமருந்து. பழைய வெடிமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் கசடாகவும் புகையாகவும் எஞ்சும். சில நொடிகள் தொடர்ந்து சுட்டால் சுடுகிறவனுக்கு எதிரில் இருப்பது தெரியாது. அசையும் பாகங்களில் கசடு படியும். 1884இல் பால் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையற்ற வெடிமருந்தைச் செய்தார். 1886இல் பிரெஞ்சுப் படை அதைச் சுடும் லெபெல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயருக்கு அடுத்த சில ஆண்டுகளில் கார்டைட் என்ற புகையற்ற மருந்து வந்தது. மாக்சிம் தம் முதல் துப்பாக்கியைக் கருமருந்துக்குத்தான் செய்தார், அது வேலையும் செய்தது. ஆனால் அவருடைய இயந்திரம் போர்க்களத்தில் முழுமை பெற்றது புகையற்ற மருந்தோடுதான்.

மாக்சிமின் மேதைமை எங்கே என்றால், வெளியிலிருந்து கை தேவையில்லை என்று கண்டதில். துப்பாக்கி சுடும்போது தோளில் இடிக்கிறதே, அந்த இடியை வீணாக்காமல் வேலை வாங்கினார். குழலும் அதன் பூட்டும் ஒன்றாகப் பிணைந்தபடி சிறிது தூரம் பின்னால் வருகின்றன. குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கும்வரை பூட்டு திறக்காது. பிறகு, நீட்டி விறைத்திருந்த முழங்கால் மடங்குவதுபோல இரண்டு கைகள் கொண்ட மூட்டு மடங்கி, பூட்டைப் பின்னுக்கு இழுக்கிறது. வெற்றுக் கூடு வெளியே வருகிறது, துணிப் பட்டையிலிருந்து புதிய தோட்டா இறங்குகிறது, முறுக்கேறிய வில் எல்லாவற்றையும் முன்னால் தள்ளுகிறது. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை இதுவே நிமிடத்துக்கு அறுநூறு முறை. குழலைச் சுற்றிய உறையில் சுமார் 4 லிட்டர் தண்ணீர். விடாமல் சுட்டால் ஓரிரு நிமிடங்களில் அது கொதிக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் மாக்சிம் வெறும் பாரம்.

1893 அக்டோபர், நவம்பரில் செசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனிப் படை லிம்போபோவுக்கு வடக்கே, இன்றைய ஜிம்பாப்வேயில் இருந்த மட்டபேலே அரசைத் தாக்கியபோது ஷங்கானியிலும் பெம்பெசியிலும் நடந்தவை அந்தத் துப்பாக்கியின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோயின. வண்டிகளை வட்டமாக நிறுத்தி, இடையிடையே மாக்சிம்களை வைத்திருந்தார்கள். திறந்த வெளியில் அணியணியாக ஓடிவந்தவர்கள் அணியணியாக விழுந்தார்கள். வென்றவர்கள் அந்த நிலத்தையும் மாடுகளையும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இதைப் படிக்கும்போது இயந்திரத்தின் திறமையை வியப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை. எதிரில் நின்றவர்கள் தங்கள் நாட்டைக் காக்க வந்தவர்கள்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே கம்பெனியின் ஜேம்சன் எட்டு மாக்சிம்களோடு, டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்களின் டிரான்ஸ்வால் நாட்டுக்குள் புகுந்தார். 1896 ஜனவரி 2 அன்று டோர்ன்கொப்பில் வெள்ளைக்கொடி காட்டிச் சரணடைந்தார். எதிரில் இருந்த போயர்கள் அணிவகுத்து ஓடிவரவில்லை. பாறைக்குப் பின்னால் படுத்து, குறிபார்த்துச் சுட்டார்கள். மாக்சிம் ஆப்பிரிக்காவை வென்றது என்கிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பது டோர்ன்கொப்பைப் பற்றித்தான். கூட்டமாக வருகிறவர்களுக்கு எதிராக அது கொடூரமான கருவி. மறைந்திருப்பவனுக்கு எதிராக அதற்குப் பெரிய மதிப்பில்லை, பீரங்கிச் சக்கரங்களின் மேல் உயரமாக நிறுத்தினால் அதுவே நல்ல இலக்கு.

1899இல் தொடங்கிய போயர் போரில் வேகம் இன்னொரு வடிவத்தில் வந்தது. போயர்கள் ஜெர்மனியில் வாங்கிய மௌசர் துப்பாக்கி தானாகச் சுடுவதில்லை. ஆனால் ஐந்து தோட்டாக்கள் ஒரு சிறிய உலோகப் பட்டையில் கோக்கப்பட்டு வரும். கட்டைவிரலால் ஒரே அழுத்து, ஐந்தும் உள்ளே இறங்கும். ஆங்கிலேயச் சிப்பாயின் லீ-மெட்ஃபோர்டிலும் தொடக்க கால லீ-என்ஃபீல்டிலும் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி இருந்தது. அதை ஒவ்வொன்றாகத்தான் நிரப்ப வேண்டும். புகையற்ற மருந்து என்பதால் சுடுகிறவன் எங்கே இருக்கிறான் என்பதும் தெரியாது. டுகேலா ஆற்றங்கரையில் கொலென்சோவில் 1899 டிசம்பர் 15 அன்று ஆங்கிலேய ஜெனரல் புல்லரின் படை ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்ததற்கும், பத்துப் பீரங்கிகளை விட்டுவிட்டு வந்ததற்கும் இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஒரு துண்டுத் தகட்டுக்கும் அதில் பங்கு உண்டு. போருக்குப் பின் ஆங்கிலேயரும் தங்கள் துப்பாக்கியைப் பட்டையால் நிரப்பும்படி மாற்றிக்கொண்டார்கள்.

மாக்சிமையே பெரிதாக்கிய போம்-போம் என்ற துப்பாக்கியும் போயர்களிடம் இருந்தது. 37 மி.மீ. குழல், பட்டையில் வரிசையாக ஒரு பவுண்டு எடையுள்ள வெடிகுண்டுகள். ஏன் ஒரு பவுண்டு? 400 கிராமுக்குக் குறைவான வெடிக்கும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று 1868இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஐரோப்பிய அரசுகள் ஒப்பந்தம் செய்திருந்தன. ஒரு பவுண்டு அதற்குச் சற்றே மேல். சட்டத்தின் எல்லையை அளந்து அதற்கு ஒரு விரல்கடை மேலே செய்த ஆயுதம். இங்கிலாந்தில் செய்து டிரான்ஸ்வாலுக்கு விற்றது அது. தம் சிப்பாய்கள் அதனிடம் அடிபட்ட பிறகுதான் ஆங்கிலேய அரசு தனக்கும் வாங்கிக்கொண்டது.

தம்பி கேட்ட நம்மவர் கதை இங்கேதான் வருகிறது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து டுரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்த முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழியில் வந்தவர்கள் கரும்புத் தோட்டங்களிலிருந்து நேராகக் கொலென்சோவுக்குப் போனார்கள். காந்தி அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர். அவர்களில் சுமார் 300 பேர் ஒப்பந்தம் முடிந்த சுதந்திரமானவர்கள், மற்றவர்கள் இன்னும் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். அவர்களிடையே தமிழ் பேசியவர்கள் ஏராளம். கையில் ஆயுதம் இல்லை, டோலி மட்டும். காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு சில நாட்களில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்திருக்கிறார்கள் என்று காந்தி பதிவு செய்திருக்கிறார். நேட்டாலின் ஜனவரி வெயிலை அறிந்தவர்கள் அந்த நடையை எண்ணிப் பார்க்கலாம்.

1900 ஜனவரி 24 அன்று ஸ்பியான் கொப் உச்சியில் நடந்ததன் விளைவை அவர்களைவிட நெருக்கமாகக் கண்டவர்கள் குறைவு. இருளிலும் மூடுபனியிலும் ஏறிய ஆங்கிலேயர், பாறைத் தரையில் ஆழமாகத் தோண்ட முடியாமல் முழங்காலளவுப் பள்ளத்தில் படுத்தார்கள். பனி விலகியதும் மூன்று பக்கங்களிலிருந்தும் மௌசர்களும் பீரங்கிகளும் போம்-போம்களும் அந்தப் பள்ளத்தைத் தேடிப் பிடித்தன. சுட்டவர்களை மலைமேல் இருந்தவர்களால் பார்க்கவே முடியவில்லை. தலையில் அடிபட்ட ஜெனரல் வுட்கேட்டைச் சுமந்தவர்கள் நம் டோலிக்காரர்கள். போர் முடிந்து பதக்கம் தலைவர்களுக்கு வந்தது. சுமந்த கூலித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் திரும்பவும் தோட்டத்துக்குப் போனார்கள். தொடர்ந்து சுடும் ஆயுதங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கண்டுபிடித்தவர் பெயரையும் சுட்டவர் பெயரையும் எழுதுகிறார்கள். அவை உடம்பில் செய்த வேலையைத் தோளில் சுமந்து இறக்கியவர்களையும் சேர்த்தால்தான் அந்த வரலாறு முழுதாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1906இல், தலைக்கு ஒரு பவுண்டு வரியை எதிர்த்து பம்பாதா தலைமையில் ஜூலு மக்கள் எழுந்தார்கள். ஜூன் 10 விடியலில் மொமே பள்ளத்தாக்கின் வாயை அடைத்துக்கொண்டு குடியேற்றப் படை பீரங்கிகளோடும் மாக்சிம்களோடும் காத்திருந்தது. கோல்ட் இயந்திரத் துப்பாக்கியும் அவர்களிடம் இருந்தது. அது அமெரிக்கரான ஜான் பிரௌனிங் செய்தது. துப்பாக்கி சுட்டபோது குழல் வாயிலிருந்து சீறிய வாயு எதிரில் இருந்த புல்லை வளைத்ததைக் கவனித்து, அந்த வாயுவில் ஒரு பங்கைத் திருப்பி இயந்திரத்தை இயக்கலாம் என்று கண்டவர் அவர். இன்றைய தானியங்கித் துப்பாக்கிகளில் பெரும்பான்மை அந்த வழியில் வந்தவையே. மொமேயில் ஒரே காலையில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கலகத்தின்போதும் காந்தி இருபத்துச் சொச்சம் பேர் கொண்ட சிறு டோலிப் படையோடு சென்றார். அவர்கள் கவனித்தது பெரும்பாலும் ஜூலு மக்களை, அதிலும் சவுக்கால் அடிபட்டு மருந்தின்றிக் கிடந்தவர்களை. இது போரல்ல, மனித வேட்டை என்று அவர் சுயசரிதையில் எழுதினார். மாமா ஜூலு நாட்டையும் இயந்திரத் துப்பாக்கியையும் இணைத்துச் சொல்வதற்கு வேர் ஒருவேளை 1906 ஆக இருக்கலாம். அதற்குள் ஜூலு அரசு வீழ்ந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதல் உலகப் போரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகவே சொல்கிறேன். ஆப்பிரிக்கர்கள்மீது இருபது ஆண்டுகளாகப் பார்த்ததை ஐரோப்பியர் தங்கள் மண்ணில் தங்கள் பிள்ளைகள்மீது பார்த்தார்கள். சோம் போர்முனையில் 1916 ஜூலை 1 அன்று மட்டும் ஆங்கிலேயப் படையில் 19,240 பேர் இறந்தார்கள். அதே மாதம் டெல்வில் காட்டுக்குள் போன தென்னாப்பிரிக்கப் படைப்பிரிவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அதன் பின் வருகை எடுத்தபோது எண்ணூறு பேர்கூட இல்லை. நம் பக்கத்துக் கிழக்காப்பிரிக்காவில், 1914 நவம்பரில் டாங்காவில் இறங்கிய இந்தியப் படையில் பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் இருந்தது. போதிய பயிற்சியில்லாமல், கப்பலில் வாரக்கணக்கில் அடைந்து வந்தவர்களை ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே நிறுத்தினார்கள். தோற்றுத் திரும்பியதற்கு அவர்கள்மேல் விழுந்த பழி இறக்கிவிட்ட அதிகாரிகள்மேல் விழுந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்தவை மறுபடியும் தோட்டாவின் கதை. கைத்துப்பாக்கியின் சிறு தோட்டாவை எடுத்து, தனி ஆள் தூக்கிச் செல்லும் தானியங்கியைச் செய்தார்கள். ஜெர்மனியின் பெர்க்மன் 1918இல் வந்தது, பிறகு தாம்சன், 1941இல் ஸ்டென். ஸ்டென் என்பது குழாயும் அழுத்திய தகடும் வைத்து மலிவாகச் செய்தது. போருக்குச் செய்த அது 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீஸ்காரர்களின் கைகளில் இருந்தது. நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட ஆயுதமில்லாத கூட்டம். அதிகாரபூர்வக் கணக்கில் 69 பேர் இறந்தார்கள், பலருக்கு முதுகில் காயம். குறிபார்க்காமல் விசையை அழுத்திப் பிடித்தால் போதும் என்ற வசதி எங்கே கொண்டுபோகும் என்பதை இந்த நாடு அன்று பார்த்தது.

கைத்துப்பாக்கித் தோட்டா தொலைவுக்குப் போகாது. முழு அளவுத் தோட்டாவோ, தானாகச் சுடும்போது தோளை நிலைகுலைக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் இரண்டுக்கும் இடைப்பட்ட குட்டைத் தோட்டாவைச் செய்தார்கள். ரஷ்யர்கள் தங்களுக்கு 7.62 மி.மீ. விட்டமும் 39 மி.மீ. நீளக் கூடும் கொண்ட ஒன்றைச் செய்துகொண்டார்கள். கலாஷ்னிகோவ் வடிவமைத்த ஏகே-47 அந்தத் தோட்டாவைச் சுற்றிக் கட்டியது. தோட்டா முதலில், துப்பாக்கி பின்னால். அண்டை நாடான மொசாம்பிக்கின் கொடியிலேயே அது இருக்கிறது. எங்கள் தலைமுறை 80களிலும் 90களிலும் நேட்டாலில் அதன் சத்தத்தைச் செய்திகளில் மட்டும் கேட்கவில்லை. தென்னாப்பிரிக்க ராணுவத்தின் ஆர்1 துப்பாக்கி பெல்ஜிய வடிவத்தின் நகல், முழு அளவுத் தோட்டா. பின்னால் வந்த ஆர்4 இஸ்ரேலிய கலிலைத் தழுவியது, சிறிய தோட்டா. இங்கும் அதே திசையில்தான் மாற்றம் நடந்தது. இன்று 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முழுத் தானியங்கி ஆயுதம் சாதாரணக் குடிமக்களுக்குத் தடை.

தம்பிக்கு நேரம் இருந்தால் டண்டீயில் உள்ள தலானா அருங்காட்சியகத்துக்கும், லேடிஸ்மித் முற்றுகை அருங்காட்சியகத்துக்கும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். அங்கிருந்து ஸ்பியான் கொப் பக்கம்தான். மேலே ஆங்கிலேயர் படுத்திருந்த பள்ளமே அவர்களுடைய கல்லறையாக நீளமாகக் கிடக்கிறது. அதன் விளிம்பில் நின்று சுற்றியுள்ள குன்றுகளைப் பார்த்தால், எந்தெந்தக் குன்றிலிருந்து சுட்டிருக்க முடியும் என்பது பொறியியல் படிப்பவருக்கு உடனே பிடிபடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: போர்க்களங்களில் கிடக்கும் தோட்டாக் கூடு, பித்தான், எதுவானாலும் எடுக்கக் கூடாது. 1999ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது.